உப்பு மூட்டை வில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் நான் சேர்த்து வைத்திருக்கும் பித்தளை வில்லைகளைத் தகரம் என்று யாராவது சொன்னால் போதும். தூத்துக்குடியில் அதைத் தவறாமல் சொல்கிறவர் என் அக்கா ஜீவமணியின் கணவர், வக்கீல் கிருபாநிதி அத்தான். அவர் சேர்ப்பதெல்லாம் முடிசூட்டு விழாப் பதக்கம், மிஷன் நூற்றாண்டுப் பதக்கம் என்று வெள்ளியாக இருக்கும். வெல்வெட் பெட்டியில் தூங்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற நான் சேர்ப்பது துறைமுகத்துப் பித்தளை.

தோணியில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் கூலிக் கணக்குக்காக மூட்டைக்கு ஒரு வில்லை கொடுப்பார்கள். ஒரு தோணி முதலாளி மட்டும் சரக்குக்கு ஒரு படம் வைத்து அடித்திருந்தார். கருவாட்டுக்கு மீன், கருப்பட்டிக்குப் பனை, வெங்காயத்துக்குச் சங்கு, உப்புக்கு நங்கூரம். கள்ள வில்லை கலந்துவிடாமல் இருக்க ஒரு ஏற்பாடும் செய்திருந்தார். நடுவில் இல்லாமல் ஓரமாக ஒரு சதுர ஓட்டை, விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு சதுரக் கம்பியில் கோர்த்தால் வெட்டுகள் ஒரே கோட்டில் நிற்கும். கள்ள வில்லை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

அந்தக் கம்பியே என்னிடம் இருந்தது. மீனும் பனையும் சங்கும் இருந்தன. நங்கூரம்தான் இல்லை. தருவைகுளம், மாப்பிள்ளையூரணி என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊர் ஊராகத் தேடி அலைந்தேன். உப்புக் கையில் புழங்கியதை உப்பே தின்றிருக்கும், இனி கிடைக்காது என்றார்கள் மூட்டை சுமந்தவர்கள். எனக்கு அழுகையே வந்தது. அது இல்லாமல் என் சேகரிப்பு பல் போன வாய் மாதிரி இருந்தது.

புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் எங்கள் சபை மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி வைத்தார்கள். நடுக் கண்ணாடிப் பெட்டி அத்தானுக்கு. எனக்கு வாசல் ஓரம், குடை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

"ஏளா ரோஸ், ஒன் தகரத்துக்கு அதுதான் சரியான எடம். குடை வைக்க வாரவங்களாவது பாப்பாங்க" என்றார் அத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை மாட்டினேன்.

கூட்டமெல்லாம் நடுப்பெட்டியைச் சுற்றித்தான் நின்றது. அத்தான் யாரிடமும் சொல்லாமல் ஒரு புதுப் பொருளை அங்கே வைத்திருந்தார். நீலப் பட்டு நாடாவில் ஒரு பித்தளை வட்டம். 'போர்ச்சுகீசியர் காலத்துச் சிலுவைப் பதக்கம்' என்று அட்டை. குருவானவர் குனிந்து பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். நானும் சொல்ல வாயெடுத்தேன். மிஷனில் வளர்ந்த குடும்பம் நாங்கள். நெட்டுக்கு ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இருந்தால் எங்கள் கண்ணுக்குச் சிலுவை தவிர வேறொன்றும் தெரியாது.

அப்போதுதான் விளிம்பில் இருந்த வெட்டைப் பார்த்தேன்.

"அத்தான், அது சிலுவை இல்ல. நங்கூரம். கீழ வளைஞ்ச கொக்கிய உப்பு தின்னுட்டு."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பொறாமையில் பேசுகிறேன் என்று அத்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சாட்சி உண்டா என்று கோர்ட்டில் கேட்கிற குரலில் கேட்டார். நான் போய்க் கம்பியை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். நாடாவை அவிழ்த்து அவர் கையாலேயே கோர்க்கச் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் அவிழ்த்தார். நாடா மறைத்திருந்த ஓட்டை சதுரமாக இருந்ததும் சிரிப்பு நின்றது. கம்பியில் நுழைத்தார். வில்லை சறுக்கிப் போய் மீன், பனை, சங்கோடு விளிம்புக்கு விளிம்பு ஒட்டி உட்கார்ந்தது. வெட்டுகள் கோடு கிழித்தது போல ஒரே வரிசையில் நின்றன. ஜீவமணி அக்கா அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் மண்டபமே சிரித்தது.

"கேஸ் எனக்குத் தோத்துப்போச்சுளா" என்றார் அத்தான்.

அவரை வெறுங்கையோடு விட மனம் வரவில்லை. அவர் பல வருஷமாகக் கேட்டும் நான் கொடுக்காத வெள்ளி முடிசூட்டுப் பதக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. கண்காட்சிக்கென்று கொண்டுவந்திருந்த அதைக் கைப்பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மாற்றுக்கு மாற்று. அவர் தலையாட்டினார். நங்கூரம் என்னுடையதாயிற்று. சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

குருவானவர் சொன்னதன் பேரில் கம்பி நடுப்பெட்டிக்குள் போயிற்று. வெல்வெட் பெட்டி குடைகளுக்குப் பக்கத்தில் வந்தது. நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் நடுப்பெட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம். அத்தான் நடுவில் நின்றுகொண்டு சதுர ஓட்டை, வெட்டு, உப்பு தின்ற கொக்கி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தவர் போல விளக்கிக்கொண்டிருந்தார். தகரம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. கூட்டத்தோடு நானும் நின்று கடைசிவரை கேட்டேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.