காய்ச்சல் இல்லை

உயிரியல் வாத்தியார் தன் சிறுநீரகங்களில் ஒன்றை மனைவிக்குக் கொடுத்தவர். அது பள்ளிக்கூடத்துச் சுவருக்குக்கூடத் தெரியும். அந்த அளவுக்குத் தம்பட்டம் அடித்திருந்தார். சிறுநீரகம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் அவள் உடம்பின் காவல்காரர்களான வெள்ளையணுக்களுக்கு அது வேற்று ஆள். விட்டால் அவை அதை அடித்துத் துரத்திவிடும். அதனால் அவற்றைப் பாதித் தூக்கத்திலேயே வைத்திருக்கும் மாத்திரைகளை அவள் காலையும் மாலையும் விழுங்கினாள். வீட்டுக்குள் கிருமி எதுவும் வரக் கூடாது என்பது டாக்டர் போட்ட முதல் கட்டளை.

அதை மீறியது யார்? வேறு யார், வாத்தியாரேதான். வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த வாரம் அது. மாஸ்க் போட்டால் குரல் எடுபடாது என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வைரஸ் பாடம் நடத்தினார். வைரஸுக்குத் தானாகப் பெருகத் தெரியாது, நம் செல்லுக்குள் புகுந்து அதையே தன் நகல்களைத் தயாரிக்க வைக்கும் என்று முன்வரிசைக்கு மேல் குனிந்து விளக்கினார். காய்ச்சலை வைரஸ் தருவதில்லை, உடம்பு திருப்பி அடிக்கும் சூடு அது என்று மேசையைத் தட்டினார். அந்நேரம் அவர் தொண்டைக்குள்ளேயே செய்முறை விளக்கம் ஆரம்பித்திருக்க வேண்டும்.

வீட்டில் தும்மல் வந்தது. தூசி என்று பூசி மெழுகினார். எனக்கெல்லாம் சளியே பிடிக்காது என்று வருடக்கணக்கில் மார்தட்டிய வாய் சட்டென்று ஒப்புக்கொள்ளுமா? உடம்பு கொதித்த பிறகுதான் வெட்கத்தை விட்டுத் தலையணையோடு முன்னறைக்குக் குடிபோனார்.

அதன்பின் அவருக்கு ஒரே வேலை. படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்று, காய்ச்சல் இருக்கிறதா பார் என்பார். அவள் பார்த்துவிட்டு இல்லை என்பாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அம்மாவுக்குத் தொற்றவே இல்லை, எல்லாம் என் முன்யோசனை என்று மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். தட்டில் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. குளியலறை வரை போய்வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல்தான் இல்லையே என்று வாத்தியார் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கடைசியில் அவளே கதவருகே வந்து கேட்டாள்.

"ஏங்க, காய்ச்சல்ங்கறது உடம்பு சொல்ற பதில்னு நீங்கதானே வகுப்புல சொல்லித் தருவீங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"பதில் சொல்றவங்களத்தான் மாத்திரை போட்டுத் தூங்க வெச்சிருக்கோமே. அப்புறம் எப்படிங்க காய்ச்சல் வரும்? எனக்கு மூச்சு முட்டுது. வண்டியக் கூப்பிடுங்க."

வாத்தியார் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வருடா வருடம் தானே பரீட்சையில் கேட்கிற கேள்வி. எழுதியிருந்தால் பூஜ்யம்தான் வாங்கியிருப்பார்.

வைரஸ் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். வைரஸ் மருந்தோடு, காவல்காரர்கள் கொஞ்சம் விழிக்கட்டும் என்று அவர்களைத் தூங்கவைக்கும் மாத்திரைகளில் ஒன்றையும் நிறுத்தினார். விழித்தவர்கள் வைரஸை மட்டும் அடிப்பார்களா, சிறுநீரகத்தையும் சேர்த்து அடிப்பார்களா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். தன் வீம்பால் அவளையே பறிகொடுக்கப் போகிறோமே என்று வாத்தியாருக்கு அழுகை முட்டியது. அழுதால் இருமல் வந்தது. இருமினால் நர்ஸ் முறைத்தாள். வராந்தாவின் கோடியில் போய் உட்கார்ந்தார்.

நர்ஸ் வந்து, அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றாள். வாத்தியார் எழுந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். இவரையும் ஒரு டாக்டரிடம் காட்டலாமா என்கிற மாதிரி அவள் பார்த்தாள்.

மூச்சுத் திணறல் மெல்ல அடங்கியது. சிறுநீரகமும் தாங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அவரை உள்ளே விட்டார்கள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தவருக்கு ஒன்றுதான் வந்தது.

"உன் உடம்பு அதைத் துரத்திடுமோன்னு பயந்துட்டேன்."

"முழு ஆளையே இத்தனை வருஷம் தாங்கியிருக்கேன். ஒரு துண்டைத் தாங்க மாட்டேனா?" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "முதல்ல அந்த மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க."

குரல் எடுபட வேண்டுமே என்று வாசலிலேயே இறக்கிவிட்டிருந்தார். ஏற்றிக்கொண்டார். குரல் எடுபடாவிட்டாலும் அன்று முழுவதும் அதை இறக்கவில்லை.