தவளை மேடம்

பன்னிரண்டு வருடம் குளத்துத் தவளைகளை எண்ணிவிட்டு, ரத்த வங்கியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள் நான். தலைமை மருத்துவருக்கு அது பொறுக்கவில்லை. என்னை அவர் கூப்பிடுவதே 'தவளை மேடம்' என்றுதான்.

அன்று அவர் கையிலிருந்த முடிவு மோசம். பழைய ரத்தம் உடம்பில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க, ஐந்து வாரம் சேமித்த ரத்தத்தின் சிவப்பணுக்களுக்கு ஒரு புதுச் சாயம் ஏற்றி, ரத்தம் கொடுத்தவர்கள் உடம்பிலேயே திருப்பிச் செலுத்தியிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் சாயம் ஏற்றியதில் பாதியைக் காணோம்.

"பழைய ரத்தம் தேறாது. தூக்கிப் போட்டுடலாம்," என்றார்.

"அவசரப்படாதீங்க டாக்டர். இன்னைக்கு எடுத்த ரத்தத்துலயும் அதே சாயத்தை ஏத்திப் பாருங்க."

"புது ரத்தத்துக்கு என்ன கேடு?"

"எண்ணுறதுக்கு அடையாளமா தவளைங்க முதுகுல நான் மஞ்சள் புள்ளி வச்சு விட்டேன். அடுத்த வாரம் பாதியைக் காணோம். குளத்துல விஷம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கடைசியில பார்த்தா, அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் கொக்கு கொத்தியிருக்கு. மானமே போச்சு."

சிரித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். ரத்தம் கொடுத்தது நான்தான்; சாயம் ஏற்றி எனக்கே திருப்பிச் செலுத்தினார்கள்.

மறுநாள் காலை எண்ணினோம். என் புது ரத்தத்திலும் சாயம் ஏற்றிய அணுக்களில் பாதி காணாமல் போயிருந்தன.

மருத்துவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்போ ரத்தத்து மேல தப்பில்ல. சாயம் பட்ட அணுவைக் கெட்டுப்போனதுன்னு நினைச்சு மண்ணீரல் பிடிச்சு முழுங்கியிருக்கு. அதுதான் இங்க கொக்கு. இல்லையா மேடம்?"

"தவளை மேடம்னே கூப்பிடுங்க டாக்டர்," என்றேன். "அது நான் உழைச்சு வாங்கின பட்டம்."