ரெண்டரைக் கட்டை

பொத்தானை மூன்றாவது தடவையும் அழுத்திப் பார்த்தாள் ராகேல். கீபோர்டின் சின்னக் கண்ணாடிக்குள் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. நகத்தால் குத்தினாள், சுண்டினாள், ஊதினாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே, தாசையனின் கானமேளா குழு ஒத்திகை பார்க்கும் அறையில், எல்லோரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவியில் இருந்த மற்றப் பொத்தான்கள் எல்லாம் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருந்தன. சுதியை ஏற்றவும் இறக்கவுமான இந்த இரண்டில் மட்டும் எழுத்தே இல்லை. நாலு வருஷத்தில் அவள் விரலே தேய்த்து அழித்திருந்தது.

பாட்டுக்குப் பாட்டு சுதி மாறும். ஒரு பாட்டு இரண்டு கட்டைச் சுதியில் இருக்கும், அடுத்தது நாலில் இருக்கும். வாசிக்கிறவர்கள் அதற்கேற்ப விரலை வேறு இடத்தில் ஊன்றி, வெள்ளைக்கும் கறுப்புக்குமாகத் தாவுவார்கள். ராகேல் தாவமாட்டாள். எந்தப் பாட்டானாலும் அவள் கைக்கு, வெள்ளையிலேயே முடிந்துவிடும் ஒன்றாம் கட்டைதான் வீடு. பொத்தானை அழுத்தி எண்ணை ஏற்றிவிட்டால், கை அதே இடத்தில் இருக்க, சத்தம் மட்டும் வேண்டிய சுதிக்குப் போய்விடும். அவள் வளர்ந்த போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் ஜெபசபையில் ஒரு ஆர்மோனியம் உண்டு. மலை ஈரத்தில் அதன் கறுப்புக் கட்டைகள் ஊமையாகிப் போயிருந்தன. கொழுந்து கிள்ளப் போன அம்மா திரும்பும்வரை அதன் முன்னால் உட்கார்ந்து, காதில் விழுந்த பாட்டையெல்லாம் வெள்ளைக்குள்ளேயே தேடிப் பிடித்துப் பழகிய கை அது. ஒருமுறை கேட்டால் போதும், பாட்டு அவளுக்கு வந்துவிடும். வகுப்பு கிடையாது, கிரேடு பரீட்சை கிடையாது. அந்த எஸ்டேட் லயத்து வீடுகளின் முதல் பட்டதாரி. பகலில் தம்பானூரில் எஸ்.டி.டி. டெலிபோன் பூத்தில் வேலை.

"எந்தா ராகேலே, பட்டன் போயாச்சா? சாரமில்ல, போனா போட்டு, நேரா ரெண்டரையில வாசி," என்றார் தாசையன். ரிதம் பேடுக்குப் பின்னால் குச்சியோடு இருந்தார்.

"தெரியாது அண்ணா."

"என்ன தெரியாது?"

"ரெண்டரையில வாசிக்கத் தெரியாது. எனக்கு ஒண்ணு மட்டுந்தான் தெரியும்."

தாசையன் குச்சியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா பட்டன அமுக்கியா நீ பொழச்சே? டிகிரி படிச்ச பிள்ளைன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டு நடக்கேன்!"

"டிகிரி ஹிஸ்டரியில அண்ணா. கீபோர்டுல இல்ல."

பாஸ் கிட்டார்க்காரன் ரெஜி சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. இரவல் வாங்கிப் போன மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த ஷிபு வாசலில் நின்றிருந்தான். பட்டணத்துப் பையன், பியானோவில் ஆறு கிரேடு முடித்தவன், மூன்று குழுக்களுக்கு வாசிக்கிறவன். தாசையன் அவனைக் கைகாட்டி அழைத்தார். ராகேல் எழுந்து இடம் விட்டாள்.

ஷிபு உட்கார்ந்தான், வாசித்தான், அவ்வளவுதான். பத்து விரலும் எந்தக் கவலையும் இல்லாமல் கறுப்பில் ஏறி வெள்ளையில் இறங்கின. வயிறு எரிந்தது ராகேலுக்கு. எரிந்துகொண்டே, அந்தக் கை எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டும் இருந்தாள். அழகை அழகில்லை என்று சொல்ல அவளுக்கு வராது. ஆனால் ஷிபு குனிந்து கட்டைகளையே பார்த்து வாசித்தான். முன்னால் நின்று பாடிய குழுவின் பாடகர் ஞானசிகாமணியை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சரணத்தின் உச்சியில் ஞானசிகாமணியின் குரல் இரண்டாகப் பிளந்தது.

"சளி," என்று தொண்டையைத் தடவினார் அவர். "நேத்து மழையில நனஞ்சேன், கேட்டியா."

ராகேலும் ரெஜியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, உடனே வேறு பக்கம் திரும்பினார்கள்.

ஓணத்துக்குக் குழு மஸ்கட் போகிறது. அவர்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் விமானம். திங்கட்கிழமை ஏஜெண்டிடம் பெயர்கள் கொடுக்க வேண்டும். "ஒரு கீபோர்டுக்கு ஒரு பேருதான்," என்றார் தாசையன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசகசாலை ஆண்டுவிழாவில் நிகழ்ச்சி. பொத்தான் பழுது பார்க்கச் சாமான் வர ஒரு மாதம் ஆகும். "அன்னைக்கு நீ வாசி. ஷிபு முன்வரிசையில இருந்து கேக்கட்டு. முடியல்லேன்னா அவன் பேரு போவும். நான் சண்டை போட்டுச் சொல்லல்ல மோளே, அஞ்சாறு பேருக்க சோறு இது."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிப் போட்டிருக்கலாம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூத்தை அடைத்துவிட்டு அவள் நேராக ஞானசிகாமணி வேலை பார்க்கும் பாத்திரக்கடைக்குப் போனாள். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. பாறசாலையிலிருந்து ஆற்றிங்கல்வரை முப்பது வருஷமாக மேடையில் நின்ற மனிதர், பகலில் உருளியும் குத்துவிளக்கும் விற்றார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நேத்து உங்களுக்குச் சளி இல்ல."

"பின்னே?"

"அந்தப் பாட்ட நீங்க மூணு வருஷமா ரெண்டரையில பாடல. ரெண்டுலதான் பாடுறீங்க. நான் எறக்கி வச்சுத் தருவேன். தொண்டை சரியில்லாத நாளு இன்னுங் கொஞ்சம் கீழ."

அவர் சிரித்தார். "போ பிள்ளே. உனக்க கையில பாடுனா தொண்டை நல்லா வருதுன்னு நான் எல்லாருட்டயும் சொல்லிட்டு நடக்கேன்."

"அதனாலதான் வருது."

சிரிப்பு மெல்லக் கழன்றது. கடையின் மூலையில் யாரும் வாங்காத ஒரு வெண்கல மணி தொங்கியது. அது சரியாக ரெண்டரைக் கட்டை. கடையில் சேர்ந்த நாளிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். மரக்குச்சியால் அதைத் தட்டினார். ரீங்காரம் அடங்கும்முன் கண்ணை மூடிச் சரணத்தை எடுத்தார். குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி திரும்பினாள். ஏறினார், ஏறினார், முந்தினநாள் பிளந்த அதே இடத்தில் குரல் மறுபடியும் பிளந்தது. இன்னொரு முறை தட்டினார். இன்னொரு முறை பிளந்தது. மூன்றாவதாகத் தட்டக் குச்சியை ஓங்கியவர், ஓங்கிய கையோடு கொஞ்சநேரம் நின்றார்.

"ரெஜிக்குத் தெரியுமா?"

"அவன்ட்ட சொல்லாம முடியாது. பாஸ் தட்டிப் போவுமில்லா. பாட்டு தொடங்க முன்னால விரல்ல காட்டுவேன்."

"அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாது." குச்சியைக் கீழே வைத்தார். "இப்போ எதுக்குச் சொல்லுதே? உனக்க கை போச்சுன்னு எனக்க தொண்டையையும் கூட்டிட்டுப் போறியா?"

இல்லை என்று வாய்வரை வந்தது. ஆனால் அது பொய்.

"பாதி அதுதான் அண்ணாச்சி. மீதிப் பாதி, ஷிபு எறக்க மாட்டான். எறக்கணும்னே அவனுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை ஊரு முன்னால உடையும். எல்லாப் பாட்டையும் ஒண்ணுலயும் ரெண்டுலயும் வச்சுக்கிடுவோம். ரெண்டு நான் படிச்சிருவேன். உங்களுக்கும் அங்கதான் சுகம்."

"கடை நேரம்," என்றார் அவர். "போயிட்டு வா."

தம்பானூருக்கு நடக்கும்போது அவளுக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. மூச்சைக் கேட்டே ஒருவரின் தொண்டை இன்று எதுவரை போகும் என்று சொல்லிவிடுவாள். அந்த வித்தை ஆறு கிரேடு முடித்தவனிடமும் இல்லை. அதே வித்தைதான் அவளை முடக்கிப் போட்டது. காது எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்ட, விரல் உட்கார்ந்து தின்றது. கஷ்டப்பட்டு ஒன்றைப் படிக்க வேண்டிய நிலைமையே வரவில்லை. அவர் விழாமல் மூன்று வருஷம் தாங்கினேன் என்று பெருமைப்பட்டாளே, அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? தன்னால் முடியாததைத் தன்னிடமிருந்தே யாராவது இப்படி மறைத்து வைத்திருந்தால் அறைந்திருப்பாள்.

மறுநாள் முதல் காலை ஆறு மணிக்கே கயிற்றுக்கடை மாடிக்குப் போனாள். இரண்டு கட்டைக்கு இரண்டு கறுப்பு. எளிதுதான் என்றுதான் தோன்றும். ஆனால் பாட்டு சூடேறும்போது கை அவளைக் கேட்காமல் பழைய வீட்டுக்கு ஓடியது. பாட்டை நிறுத்தி, கையைத் தூக்கி வந்து, மறுபடியும் வைத்தாள். பிடிக்காத வேலை. அவளைப்போல உடனே எல்லாம் வந்து பழகியவர்களுக்கு, வராத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட அவமானம் வேறில்லை. உட்கார்ந்தாள். பூத்தில் ஆள் இல்லாத நேரம் மேஜை விளிம்பில் விரல்கள் ஓடின. சில்லறை கேட்டவர்கள் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பூத்துக்கு வெளியே நின்ற வரிசையில் ஞானசிகாமணி இருந்தார். முறை வந்ததும் அவளிடம் ஒன்றும் பேசாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரிசீவரைக் காதில் வைத்தார். நம்பர் எதுவும் சுழற்றவில்லை. வாய் மட்டும் அசைந்தது, கண் மூடியிருந்தது, இடது கை தொடையில் தாளம் போட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. இருந்தும் அவள் அவருடைய விலாவைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இரண்டு கட்டையில் பாடுகிறார், அலுங்காமல் போகிறது. வரிசையில் நின்றவர், "ஈ மனுஷன் ஆருட்ட பேசுதாரு?" என்று பொறுமை இழந்தார்.

வெளியே வந்து மேஜைமேல் சாய்ந்தார். "ஒம்பது பாட்டு நீ சொன்ன எடத்துல பாடுதேன். கடைசி ஒண்ணு மட்டும் ரெண்டரை. நீ ஏறி வா."

"எனக்கு வராது அண்ணாச்சி. ஒரு நாள்தான் இருக்கு."

"எனக்குந்தான் வராது."

"பின்னே எதுக்கு?"

"நான் எறங்குனா நீ ஏறணும்லா?" குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லிட்டேன் கேளு. சரணத்துல அந்த உச்சிக்குப் போவும்போ எனக்க கூட நீ வாசிக்கப்பிடாது. வாசிச்சே மறைச்சிருவே. இப்போ எனக்கு உன்னத் தெரியும். கைய எடுத்துரு. ஒடஞ்சா ஒடையட்டு, எனக்கதா இருக்கட்டு."

சனிக்கிழமை ஒத்திகையில், யாரும் கேட்காமலே, அவர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "தாசையா, எனக்க சுதி எறங்கியாச்சு டே. மூணு வருஷமாச்சு. இந்தப் பிள்ளதான் சத்தங்காட்டாம தூக்கிட்டு நடந்திருக்கு. நாளைக்கு ஒம்பது பாட்டு கீழதான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற யாருக்காவது சளி உண்டா?" என்றும் கேட்டார். ரெஜி தலையைக் குனிந்துகொண்டான். தாசையன் பாட்டுப் பட்டியலை எடுத்து ஒன்பது பாட்டின் சுதியையும் அடித்துத் திருத்தினார். ராகேல் அந்த மனிதரையே பார்த்தாள். முப்பது வருஷத்துப் பெயரை, தூசு தட்டுகிற மாதிரி, ஒரே தட்டில் தட்டிவிட்டு நிற்கிறார். தனக்கு ஒன்றாம் கட்டைதான் தெரியும் என்பதைப் பொத்தான் சாகும்வரை யாரிடமாவது அவள் சொன்னாளா?

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. ஷிபு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். முதல் மூன்று பாட்டும் போன வழி தெரியவில்லை. இரண்டு கட்டையில் ஞானசிகாமணியின் குரல் அகலமாக, அவசரமில்லாமல் விழுந்தது. கீழே இவ்வளவு இடம் இருந்ததா என்று அவரே ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது. நாலாவது பாட்டில் ராகேலின் கை வழுக்கிப் பழைய ஒன்றாம் கட்டைக்குப் போய்விட்டது. இரண்டு தாளம், காது கூசும் அளவுக்கு. ரெஜி முறைத்தான், ஷிபு புருவத்தைத் தூக்கினான். அவள் கையை வெடுக்கென்று பிடுங்கி வந்து வைத்தாள். அதற்கப்புறம் தப்பவில்லை, ஆனால் ஒன்பதாவது முடிவதற்குள் ரவிக்கை முதுகில் ஒட்டிவிட்டது.

பத்தாவது. ரெண்டரைக்கு மூன்று கறுப்பு. முந்தினநாள் முழுக்க அந்த ஒரே பாட்டோடு மல்லுக்கட்டியதில், வலது கை மட்டும் ஒருவிதமாகத் தேறியிருந்தது. இடது கை தேறவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டாள். கீழ்ச்சுரங்களை ரெஜி பார்த்துக்கொள்வான், அவனிடம் சொல்லியாகிவிட்டது. மடியில் கிடக்கும் கையைச் சபை முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும். பல்லவி ஒரு கையில் நொண்டாமல் நடந்தது. ஷிபு கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு முன்னால் சாய்ந்தான். அவனுக்குத்தான் தெரியும், அந்த ஒற்றைக் கை எந்த இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்று.

சரணம் வந்தது. ஞானசிகாமணி மைக்கிலிருந்து அரை அடி தள்ளி நின்று ஏறத் தொடங்கினார். அவருடைய மூச்சு அவள் காதுக்கு வந்தது. போதாது என்று காது சொன்னது. மறைத்துவிடு என்று விரல் துடித்தது. அவள் கையை எடுத்தாள். தாசையனின் குச்சிகள் நின்றன, ரெஜி கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினான். கழுத்து நரம்பு புடைக்க, குதிகால் தரையைவிட்டு எழும்ப, வெறுங்குரல் ஒன்று அந்த மண்டபத்தில் தனியாக மேலே போயிற்று. உச்சியில் ஒரு கீறல் விழுந்தது. கீறலோடு நின்றது, உடையவில்லை. தாளம் கேட்ட நேரத்தையும் தாண்டி அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அவள் வந்து எடுக்க வேண்டும், அந்த உயரத்திலேயே, அந்தக் கறுப்பிலேயே. அவர் கண்ணைத் திறந்து பக்கவாட்டில் அவளைப் பார்த்தார். ராகேல் மடியிலிருந்த இடது கையையும் மேலே எடுத்தாள். கட்டைகளுக்கு ஒரு சாண் உயரத்தில் பத்து விரலும் ஒரு கணம் விரிந்து நின்றன. பிறகு இறங்கின.