மெஹ்ரினின் நன்னடத்தை

ஷபீரின் சான்றிதழ் மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது. மெஹ்ரினுடையது வரவில்லை.

இருவரும் ஒரே நாளில்தான் விண்ணப்பித்திருந்தார்கள். ஷபீர் கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பராமரிப்புப் பொறியாளர். மலேசியா வந்து ஏழு வருடம் ஆகிறது. நியூசிலாந்தில் இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம் ஒன்று அவனை வேலைக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. விசாவுக்குக் கணவன் மனைவி இருவருமே, வாழ்ந்த நாடுகளிலிருந்து தங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தரவேண்டும். மலேசியாவின் சான்றிதழ் சிக்கலில்லாமல் கிடைத்தது. இந்தியாவுடையதை இங்கிருந்தபடியே தூதரகம் வழியாக வாங்க வேண்டும். தூதரகத்தார் சொந்த ஊர்க் காவல் நிலையத்தைக் கேட்பார்கள். அங்கிருந்து நல்ல பதில் வந்தால்தான் இங்கே முத்திரை விழும்.

அரை நாள் விடுப்புப் போட்டு விண்ணப்ப மையத்துக்குப் போனான் ஷபீர். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அண்ணே, வைஃப் பேர்ல ஊர்ல ஒரு கேஸ் பெண்டிங்னு ரிப்போர்ட் வந்திருக்கு லா. அது கிளியர் ஆகாம சர்டிபிகேட் வராது."

ஷபீருக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு எந்த மெஹ்ரினையோ தன் மெஹ்ரினோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். அவன் மனைவி கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள். வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதற்குக்கூட போனை அவன் கையில் கொடுப்பாள். அவள் மேல் போலீஸ் வழக்கு என்றால் யார் நம்புவார்கள்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினான்காவது மாடியில் அவர்கள் வீடு. அவன் போனபோது மெஹ்ரின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, பெயர்க் குழப்பம், ஊரில் அவள் அண்ணனை விட்டுச் சரி பண்ணிவிடலாம் என்றான். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குழப்பம் இல்ல மச்சான்," என்றாள். "அது நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் ஊர் இராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறது. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, நெடுஞ்சாலையிலிருந்து அகற்றிய மதுக்கடையைக் கொண்டுவந்து ஊருக்குள் பெண்கள் பள்ளிக்கூடத்துச் சந்தில் வைத்தார்கள். மீன் விற்கப் போகும் பெண்களும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்கள். சிலர் பள்ளியை விட்டே நின்றுவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் மனு கொடுத்தார்கள், வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மீன் விற்கும் இராஜம்மா என்பவர்தான் கடைசியில், நாமே கடைக்குப் பூட்டுப் போடுவோம் என்றார். ஒரு நாள் காலையில் கடை திறக்கும் முன் பதினொரு பெண்கள் போனார்கள். படகு கட்டும் சங்கிலியை இராஜம்மா கொண்டுவந்தார். பூட்டு மெஹ்ரின் வீட்டுச் சரக்கறையில் தொங்கிய பூட்டு.

"சங்கிலியச் சுத்தியாச்சு. யாரு பூட்டுறதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க. நான் பூட்டிட்டேன்."

சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சாவியைக் கேட்டார். எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். "கடல்ல போட்டுட்டேன் சார்" என்று இவள் சொன்னாளாம். உண்மையிலேயே போட்டிருந்தாள். கல்யாண மண்டபம் ஒன்றில் சாயங்காலம் வரை எல்லாரையும் உட்கார வைத்து, பெயர் முகவரி எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று பிறகு யாரோ சொன்னதை ஊரே நம்பியிருந்தது. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம்.

ஷபீருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று கேட்டான்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க உம்மா, இடியாப்பம் பிழியத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். இத யாரும் கேக்கல," என்றாள் மெஹ்ரின். அவள் கேலி பண்ணவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

அவள் அண்ணன் கௌஸ் மறுநாளே காவல் நிலையத்துக்குப் போனார். முதல் தகவல் அறிக்கை அப்படியேதான் இருந்தது. விசாரணையும் நடக்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போகவில்லை, மூடவும் இல்லை. இப்போதிருக்கும் இன்ஸ்பெக்டர் புதியவர், மரியாதையாகவே பேசினாராம். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அன்று நான் கல்லூரிக்குப் போகிற வழியில் இருந்தேன், இராஜம்மா என்பவர் வற்புறுத்தி இழுத்ததால் என்ன ஏது என்று தெரியாமல் நின்றேன், பூட்டுப் போட்டதும் அவர்தான் என்று மெஹ்ரின் எழுதிக் கொடுத்தால் போதும். அவளைச் சாட்சியாக மாற்றிவிட்டுப் பெயரை நீக்கிவிடலாம். ஒரே வாரத்தில் நல்ல அறிக்கை போய்விடும்.

இதைக் கேட்டதும் ஷபீருக்கு மூச்சு வந்தது. நியூசிலாந்து நிறுவனம் அந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. வாசகத்தைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மெஹ்ரின் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இராஜம்மாக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்," என்றாள்.

எண் அவளிடம் இல்லை. கௌஸ் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினாள். அந்தப் பக்கம் மீன் சந்தைக் கூச்சல். யார் என்று புரிந்ததும் இராஜம்மா நல்லா இருக்கியா, பிள்ளை குட்டி உண்டா, மாப்பிள்ளை நல்ல மாதிரியா என்று வரிசையாகக் கேட்டார். மெஹ்ரின் விஷயத்தைச் சொன்னாள். காவல் நிலையத்தில் எழுதித் தரச் சொல்லும் வாசகத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினாள். ஷபீருக்குத்தான் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

"எழுதிக் குடுத்துரு தாயி," என்றார் இராஜம்மா. "எம் பேரயே போட்டுக்க. நான் எந்தச் சீமைக்குப் போகப்போறேன்? மீன் விக்கிறதுக்குப் போலீசு சர்டிபிகேட்டா கேக்குறாக? நீ வாழப்போற புள்ள. யோசிக்காத, எழுதிக் குடு."

"நான்தானேக்கா பூட்டுனேன்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்ல. போதும்."

மெஹ்ரின் மேசையில் இருந்த தாளைக் கையில் எடுத்தாள். அப்புறம் சொன்னாள். "எனக்கு அந்தச் சர்டிபிகேட் எதுக்குக்கா குடுப்பாங்க? நான் நல்லா நடந்துக்கிட்டேன்னுதானே. உங்களக் காட்டிக் குடுத்துட்டு அத எப்படிக்கா வாங்குவேன்? நான் எழுத மாட்டேன். உங்க உடம்பப் பாத்துக்கங்க."

போனை வைத்தாள். தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷபீர் அன்று முழுதும் அவளோடு பேசவில்லை. யாரோ ஒரு மீன்காரப் பெண்ணுக்காகத் தன் வாழ்க்கையையே நிறுத்திவைக்கிறாள் என்று மனதுக்குள் குமைந்தான். ஆனால் அந்த மீன்காரப் பெண் பழியை வாங்கிக்கொள்ள ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதும் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படித் தன் பெயரை எடுத்துக்கொள் என்று தனக்குச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று நினைத்துப் பார்த்தான். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை மேருவில், சாப்பாட்டு வேளையில் மேலாளர் விமலனிடம் புலம்ப உட்கார்ந்தான். விமலன் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். ஷபீர் வேலையை விட்டுப் போவதில் அவருக்கு வருத்தம் இருந்தாலும் சிபாரிசு எழுதிக் கொடுத்திருந்தார். புலம்பத்தான் ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அவன் குரல் மாறிக்கொண்டே போனது. இன்ஸ்பெக்டர் சாவி கேட்ட இடம் வந்தபோது எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஷபீர், நீங்க கம்ப்ளெய்ன் பண்றீங்களா, பெருமை பேசுறீங்களா?" என்றார் விமலன்.

ஷபீருக்கு வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்தான். அன்று வீட்டுக்குப் போனதும் அவன்தான் முதலில் பேசினான். வேறு வழி இருக்கிறதா, வக்கீலைக் கேட்போம் என்றான்.

மதுரையில் அமுதவள்ளி என்ற வக்கீலை கௌஸ் பிடித்தார். அவர் காணொளி அழைப்பில் வந்து பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரி வழக்கில் குறிப்பிட்ட காலத்துக்குள் குற்றப் பத்திரிகை போட்டிருக்க வேண்டும், போடவில்லை, உயர்நீதிமன்றக் கிளையில் மனுப் போட்டால் ரத்தாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். மெஹ்ரின் பேரில் மட்டும் போட்டால் சீக்கிரம் முடியும். எல்லார் பேரிலும் சேர்த்துப் போடலாம்தான், ஆனால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், நாளாகும்.

மெஹ்ரின் ஷபீரைப் பார்த்தாள். கேட்கத்தான் பார்த்தாள், கெஞ்சவில்லை.

"எல்லாருக்கும் சேத்தே போடுங்க மேடம்," என்றான் ஷபீர்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் ஒழுகுவதைச் சொல்லப் போனை நீட்டுகிறவள், நாள் முழுதும் போனில் இருந்தாள். பதினொரு பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். இன்னொருவர் வீட்டு வேலைக்குத் துபாய் போயிருந்தார், எண் யாருக்கும் தெரியவில்லை. மெஹ்ரின் அவர் சம்பந்தி வரை தேடிப் பிடித்தாள். தங்கமணி என்று ஒருவர், கையெழுத்தே போடமாட்டேன் என்று அடம்பிடித்தார். பழைய வழக்கைக் கிளறினால் மகளின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். அவரை மெஹ்ரின் அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மகளைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, சமையலைப் பற்றி நாலைந்து நாள் பேசினாள். ஒரு நாள் தங்கமணி தானாகவே, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். இன்னொரு பெண்ணிடம் பேசும்போது மெஹ்ரின் விழுந்து விழுந்து சிரிப்பதை ஷபீர் கேட்டான். ஏழு வருடத்தில் அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

மாதக் கடைசி வந்தது. ஷபீர் நியூசிலாந்து நிறுவனத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினான். அவர்கள் இன்னும் இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு வருத்தம் தெரிவித்து அந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று ஷபீருக்கு மனசு விட்டுப்போனது. மெஹ்ரின் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. வா, நடந்துவிட்டு வரலாம் என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு மோனோ ரயில் பாலத்தடி வழியாகத் தேநீர்க் கடை வரை போனாள்.

"என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு," என்றான். "உன் மேலன்னு இல்ல. வேலை போனதுல வருத்தம். ஆனா நீ கையெழுத்துப் போட்டிருந்தா நான் உன்ன எப்படிப் பாத்திருப்பேன்னு தெரியல."

மனுப் போட்ட நாலாவது மாதம் தீர்ப்பு வந்தது. உரிய காலத்தில் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்று வழக்கு முழுதும், எல்லார் மேலும், ரத்து. அமுதவள்ளி தகவல் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மெஹ்ரினின் போன் ஓயவில்லை. மெஹ்ரின் எல்லாரிடமும் பேசினாள். இராஜம்மா, மாப்பிள்ளையிடம் கொடு என்று கேட்டு வாங்கி, "தங்கமான புள்ளயக் கட்டியிருக்கீக தம்பி, நல்லா வச்சுக்கங்க" என்றார். ஷபீர், தெரியும்க்கா என்று மட்டும் சொன்னான்.

சான்றிதழ் வந்தபோது நியூசிலாந்து வேலை கையில் இல்லை. அதே நிறுவனத்துக்கு எழுதிப் பார் என்று சொன்னவர் விமலன்தான். எழுதினான். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் அவர்களுடைய சிறிய ஆலை ஒன்றில் இடம் இருந்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு, குளிர் அதிகம். மெஹ்ரின் சரி என்றாள். இவனும் சரி என்றான்.

கிளம்பும் முன் வாப்பாவுக்குப் போன் செய்தான் ஷபீர். விசா ஏன் இத்தனை மாதம் இழுத்தது என்று அவர் பலமுறை கேட்டும், ஏதோ தாள் வரவில்லை என்று இவன் மழுப்பி வந்திருந்தான். மருமகள் மேல் போலீஸ் வழக்கு என்றால் என்ன நினைப்பாரோ என்ற பயம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னான். ஒன்றையும் விடவில்லை.

வாப்பா குறுக்கே ஒன்றும் கேட்காமல் முழுதையும் கேட்டார்.

"அந்தக் கடை இப்ப இருக்கா?" என்று கேட்டார் வாப்பா.

இதை மெஹ்ரினிடம் தான் ஒருபோதும் கேட்கவில்லை என்பது ஷபீருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டான். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள், பூட்டுப் போட்ட அடுத்த மாதமே எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே பால் கடை இருக்கிறது என்றாள்.

வாப்பா மருமகளிடம் ஸலாம் தாண்டிப் பேசிப் பழகாதவர். ஏதாவது தேவை என்றால் மகனிடமோ மனைவியிடமோதான் சொல்வார்.

"போனை அவகிட்டக் குடு," என்றார்.

மெஹ்ரின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினாள். பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பயமாக இல்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"பயமாத்தான் இருந்துச்சு மாமா," என்று ஆரம்பித்தாள்.

ஷபீர் அறையை விட்டு வெளியே வந்து, அவர்கள் பேசட்டும் என்று கதவைச் சாத்தினான்.