லெவல் ஒன்று

கைப்பேசி ஒலித்தபோது தேவிகா கணினியின் முன் அமர்ந்து, உலையிலிருந்து வரும் இரும்புத் தகடுகளைச் சேமிப்புக் கிடங்கின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அழைத்தவன் அவள் கணவன் செல்வமணி. பெங்களூர் வேலை முடிந்து, பங்காருபேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம் ரயிலில் ஏறியிருந்தான்.

"இன்னாடி பண்ணினு கீற? லெவல் ஒண்ணுல பூச்சி ஏறுது, போனுல கேம் அலாரம் அடிச்சிகினே கீது. தோட்டா மொத்தத்தையும் லெவல் ஒண்ணுக்குத் திருப்பு. மத்த பெட்டிங்கள நிறுத்திடு."

"லெவல் ஒண்ணா? அங்க ஒண்ணும் காணோமேங்க."

"சொன்னத செய்யி. கேள்வி கேக்காத."

அத்துடன் தொடர்பு அறுந்தது.

அது தொழிற்சாலை கட்டும் விளையாட்டு. வேற்றுக் கோள் ஒன்றில் கனிமத்தைத் தோண்டி, உருக்கி, எந்திரங்களைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். புகை மிகுந்தால் பூச்சிகள் படையெடுத்து வரும். அவற்றைத் தடுப்பதற்காகச் செல்வமணி மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சுவர்களை எழுப்பி, ஒவ்வொன்றின் பின்னும் துப்பாக்கிகளை நிறுத்தியிருந்தான். சுவர்கள் அவனுடையவை. வழங்கல் ஏற்பாடு தேவிகாவினுடையது. ஒவ்வொரு சுவருக்கும் அவள் ஒரு ரிக்வெஸ்ட் பெட்டி வைத்திருந்தாள். என்ன பொருள், எத்தனை என்று பெட்டியில் குறித்துவிட்டால் போதும். கிடங்கிலிருந்து சிறு ரோபோக்கள் அதைத் தூக்கிக்கொண்டு பறந்துவரும். குறித்த எண்ணிக்கை நிரம்பும்வரை, அல்லது கேட்டவர் நிறுத்தும்வரை, அவை ஓயமாட்டா.

பகலெல்லாம் செல்வமணியும் அப்படித்தான் இருந்தான். பெங்களூர்க் கிடங்கில் அவன் மணிக்கட்டில் கட்டிய கருவி, எந்த அடுக்கிலிருந்து எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்று அவனை ஓட்டிக்கொண்டே இருக்கும். தாமதித்தால் அலறும். கட்டளையிடும் இடத்தில் அவன் அமர்ந்தது இந்த ஒரு நாற்காலியில்தான். அவனுடன் வேலை செய்யும் நண்பர்களும் அதே கோளில் ஆளுக்கோர் ஊர் கட்டியிருந்தார்கள். ஒருவர் ஊரை மற்றவர் பார்க்கலாம். செல்வமணி தன் ஊருக்கு, தான் பிறந்து வளர்ந்த தங்கச் சுரங்க ஊரின் பெயரையே எடுத்து, மாரிகுப்பம் என்று பெயரிட்டிருந்தான்.

கணவனும் மனைவியும் இதுவரை பக்கத்தில் அமர்ந்து, விரலால் காட்டியே விளையாடியவர்கள். சுவர்களை எண்ணால் குறிக்க நேர்ந்தது அன்றுதான். தேவிகா வளர்ந்தது தொழிற்சாலைக் குடியிருப்பின் அடுக்கு வீட்டில். அவள் தந்தை கடைசல் வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர். படி ஏற ஏற எண்ணும் ஏறும் என்பதே அவள் அறிந்த கணக்கு. ஆகவே அவள் அடிச்சுவரைத் திறந்தாள். அங்கே பூச்சி ஒன்றும் இல்லை. இனிமேல்தான் வரும்போலும் என்று எண்ணி, மற்ற நான்கு பெட்டிகளையும் நிறுத்திவிட்டு, இருந்த தோட்டா அனைத்தையும் அந்த ஒரு பெட்டிக்குக் கேட்டாள். ரோபோக்கள் வரிசை பிசகாமல் வந்து இறக்கின. ஏற்பாடு அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

இரைச்சல் மேலே கேட்டது. திரையை மேலே நகர்த்தினாள். உச்சிச் சுவரின் துப்பாக்கிகள் வெறுமையாகச் சுழன்றுகொண்டிருந்தன. மலையின் மறுபக்கமாக ஏறிவந்த எருமையளவு பூச்சிகள் சுவரைக் கடித்துப் பிளந்து உள்ளே புகுந்தன. ஒன்று பச்சை அமிலத்தை உமிழ, துப்பாக்கிக் கோபுரம் உருகிச் சாய்ந்தது. பழுதுபார்க்க ஓடிவந்த எந்திரத்தை இரண்டு பூச்சிகள் இரு பக்கமும் பற்றிக் கிழித்தன. செத்த பூச்சிகளின் மேல் ஏறி அடுத்தவை வந்தன. அடுத்த சுவர், அதற்கும் அடுத்த சுவர், பிறகு அதன் கீழே நடுச்சரிவில் இருந்த உலைகள். தேவிகா பதறி உச்சிப் பெட்டியைத் திறந்து, சுவர்க்கல் இருநூறு, தோட்டா இருநூறு என்று குறித்தாள். காலம் கடந்திருந்தது.

ரயிலிறங்கி வந்த செல்வமணி செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் நுழைந்தான். அவன் கைப்பேசியில், உடன் வேலை செய்யும் பங்காருபேட்டை நாகேஷின் குரல் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஏன் குரு, உன் மாரிகுப்பம் காலியா? தோட்டா எல்லாம் கீய அடுக்கி வெச்சிகினு பூச்சிங்கள மேல வுட்டுக்கீறாங்க உன் ஊட்டம்மா. மாமியார் ஊட்லருந்து வந்த விருந்தாளிங்களா?" பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்வமணி கைப்பேசியை உள்ளறைக் கட்டிலை நோக்கி எறிந்தான்.

"லெவல் ஒண்ணுன்னு சொன்னனா இல்லியா?"

"லெவல் ஒண்ணுக்குத்தான் அனுப்புனேன். அடியில இருக்கறதுதானே—"

அவன் அவள் தலைமுடியைப் பற்றி நாற்காலியிலிருந்து இழுத்தான். முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க அவள் கையை உயர்த்தினாள். அவன் அந்தக் கையை முறுக்கித் தள்ள, அவள் நெற்றி பீரோவின் கைப்பிடியில் மோதியது. இரும்புக் கதவு அதிர்ந்து அடங்கியது. தரையில் கிடந்தவளின் விலாவில் செருப்புக் காலால் ஓர் உதை. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் கத்தவில்லை, மூச்சு வந்தால்தானே கத்துவதற்கு.

"அடியிலயாம்! சுரங்கத்த ஷாஃப்ட்டு வாயிலருந்து எண்ணுவாங்களா, அடியிலருந்து எண்ணுவாங்களா? அடின்னு ஒண்ணு கீதா அதுக்கு?"

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எண்ணுவது மேலிருந்துதான். வெயிலுக்கு அருகில் இருப்பது முதல் லெவல். எண் பெருகப் பெருக ஆழம். செல்வமணி ஒருநாளும் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்கியவன் அல்லன். அவன் படிப்பை முடிக்குமுன்பே சுரங்கத்தை மூடியாயிற்று. தந்தையும் பாட்டனும் இறங்கிய கணக்கு மட்டும் அவன் வாயில் தங்கியிருந்தது.

கதவருகே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் பார்வதம்மா எழுந்து வந்தாள். மகனை உள்ளறைப் பக்கம் தள்ளினாள்.

"போடா அந்தாண்ட." பிறகு மருமகளிடம் குனிந்தாள். "கை பட்டுடுச்சி, வுடும்மா. நீயும்தான்... லெவல் ஒண்ணுன்னா மேலதான்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

கை பட்டுடுச்சி. அந்த வாக்கியத்தில் எழுவாய் கை. கைக்கு உரியவன் அதில் இல்லை. சென்ற முறை தேவிகாவே தன் தாயிடம் 'அடிச்சிட்டாரு' என்று சொல்லியிருந்தாள். அதன் கடைசியில் ஒட்டிக்கொண்ட துணைவினை, எப்படியோ நேர்ந்துவிட்ட ஒன்றைப்போல அடியைக் காட்டிற்று. அவன் அடித்தான். எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று. வேறு எதுவும் அந்த வாக்கியத்திற்குத் தேவையில்லை.

அவள் பீரோவைப் பிடித்து எழுந்து, முந்தானையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தாள். விசைப்பலகையில் இரண்டு துளி இரத்தம் விழுந்தது.

திரையில் அழிவு முடியவில்லை. உச்சிச் சுவர் இருந்த இடத்தில், பூச்சிகளின் நடுவே, பெட்டி மட்டும் உடையாமல் நின்றது. அவள் குறித்த இருநூறு இன்னும் நிரம்பவில்லை. அதனால் கிடங்கிலிருந்து ஒரு ரோபோ சுவர்க்கல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. எரியும் உலைகளைத் தாண்டி, பெட்டிக்குச் சற்று முன்பு, அமிலம் பட்டு விழுந்தது. அது விழுந்த கணமே அதே கல்லுக்காக மற்றொன்று கிளம்பியது. அதே வழி, அதே இடம். அதற்குப் பின் இன்னொன்று. முந்தியது எங்கே விழுந்தது என்று பார்க்க அவற்றுக்குக் கண் இல்லை.

"தேவீ, தண்ணி கொண்டா."

உள்ளறைக் கட்டிலிலிருந்து செல்வமணியின் குரல் இப்போது தணிந்திருந்தது. அந்த வீட்டில் அதற்கு ஒரு பொருள் உண்டு. அடித்தபின் அவன் தண்ணீர் கேட்பான், அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவன் குடிப்பான். அத்துடன் நடந்தது நடவாததாகிவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் இதுவரை பயன்படுத்தியதில்லை.

"தேவீ... காதுல வுழல?"

பார்வதம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, மருமகளின் கைக்கு எட்டும்படி மேசைமேல் வைத்தாள். "குடுத்துட்டு வந்துடும்மா. தீந்துடும்."

தேவிகா சொம்பைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. திரையில் மேலும் ஒரு ரோபோ விழுந்தது. அவள் உச்சிப் பெட்டியைத் திறந்தாள். இருநூறு என்ற எண்ணின் பக்கத்தில், நிறுத்து என்னும் சிறு சிவப்புக் குறி இருந்தது. அதை அழுத்தினாள்.

பாதி வழியில் பறந்துகொண்டிருந்த ரோபோக்கள் ஆகாயத்திலேயே நின்றன. பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, தூக்கிய சுமையை இறக்காமல், கிடங்கை நோக்கித் திரும்பின.

அவள் சொம்பை எடுத்தாள். முந்தானையின் நுனியை அதில் நனைத்து, கண்ணில் இறங்கிய இரத்தத்தைத் துடைத்தாள். தண்ணீர் சிவந்தது.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியை உள்ளறை வாசலை நோக்கித் திருப்பி, சொம்பின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.