மிதிச்சுக்கிட்டே இரு

"பாம்ம்ம்ம்!"

பிரேக்கை மிதித்ததும் ஹாரன் அலறியது. டிரைவர் சீட்டில் இருந்தவள் பதறிக் காலை எடுத்தாள். ஹாரன் நின்றது. சந்தேகத்தோடு மறுபடி மிதித்தாள். மறுபடியும் அலறியது.

எதிர்க்கடைத் தையல்காரர் கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன அண்ணே, பின்னாடி லைட்டைச் சரி பண்றேன்னுட்டு முன்னாடி சங்கு ஊதுறீங்க?"

"உங்க வேலையப் பாருங்க. போன தடவ நீங்க தச்ச பேண்ட்ல ஒரு கால் தரையக் கூட்டுது, இன்னொண்ணு முழங்காலுக்கு ஏறுது!" ஷெட்டுக்குள்ளிருந்து அவள் கணவனின் குரல் வந்தது.

தையல்காரர் சிரித்துக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். போன முறை எல்லாம் தேறி, பின்னால் பிரேக் லைட் மட்டும் எரியவில்லை. இன்றும் எரியாவிட்டால் ஆட்களை ஏற்றும் அனுமதி போய்விடும்.

கார் அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கல்யாண ஜோடிகளை ஏற்றிப் போவதற்கென்றே வைத்திருந்தார்கள். ரிப்பன் கட்டுவது அவள், ஓட்டுவது அவன். பிரேக் எந்தக் காலுக்கு என்பதே அவளுக்கு இன்று காலையில்தான் தெரியும். வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் காரால்தான்.

அவன் வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, ஃபியூஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"ஹாரன் வயரை மாத்தி மாட்டிட்டேன் போல. இது என்ன கலர், சொல்லு."

"பச்சை."

"அப்ப இது?"

"ஊதா. பச்சைக்கும் ஊதாவுக்குமா வித்தியாசம் தெரியல?"

"எத்தனை வருஷத்து அழுக்கு! எல்லாம் ஒரே கலராத்தான் இருக்கு."

வயரை மாற்றிவிட்டுப் பின்னால் போனான். டிக்கி மூடி தூக்கியிருந்ததால் கண்ணாடியில் அவளுக்கு மூடி மட்டும்தான் தெரிந்தது.

"மிதி!"

"மிதிச்சுட்டேங்க."

"எரியல."

"பல்ப் நல்லதுதானே?"

"புதுசு. எத்தனை வாட்னு நீதானே படிச்சுச் சொன்ன? ஃபியூஸும் மாத்தியாச்சு, சுவிட்சும் மாத்தியாச்சு. இதுக்கு மேல என்னத்தடி மாத்துறது, உன்னையா?"

"மாத்தித்தான் பாருங்களேன். ஓசில பிரேக் மிதிக்க வேற எவ வருவான்னு பாக்கலாம்."

பின்னால் தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை.

"அடச்சே, பெயிண்ட்!"

பழைய கார்களில் விளக்குக்குப் போன கரண்ட் வண்டியின் தகரம் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். விளக்கைத் திருகும் இடத்தில் வெறும் தகரம் இருக்க வேண்டும். போன மாதம் வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்தபோது அந்த இடத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. கண்ணாடிபோலப் பெயிண்ட் அடிக்கிறவன், இந்த முறை அங்கங்கே வழியவிட்டிருந்தான். கேட்டதற்குப் பிரஷ் மேல் பழி போட்டான்.

"என் வாயில நானே மண்ணைப் போட்டிருக்கேன் பாரு!"

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். திருகாணி இறுகியது. அவன் சீட்டியடித்தான். அவளுக்கும் உயிர் வந்ததுபோல் இருந்தது.

"இப்ப மிதி!"

முழு பலத்தையும் போட்டு மிதித்தாள்.

சீட்டி நின்றுபோனது.

"எரியல."

அந்தக் குரல் இத்தனை சிறுத்து அவள் கேட்டதே இல்லை.

"விடுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்."

"வேணாம்! என் வண்டியில வேற எவனும் கை வைக்கக் கூடாது. நீ மிதிச்சுக்கிட்டே இரு."

மிதித்தாள். "எரியல" என்றான். விட்டு மிதித்தாள். "எரியல." கால் மரத்துப்போயிற்று. பெயிண்ட் கலக்கிய கட்டை சீட்டுக்கடியில் கிடந்தது. அதை எடுத்துப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தாள்.

"கட்டை வச்சிருக்கேங்க. பெடல் அமுங்கியேதான் இருக்கு. நானும் வந்து பாக்குறேன்."

இறங்கிச் சுவரோரமாக ஒடுங்கிப் பின்னால் போனாள்.

இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

ஷெட்டின் இருட்டில் சுவரெல்லாம் சிவப்பு. அவனுடைய வெள்ளைச் சட்டையும் சிவப்பு. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சாண் தூரத்தில் எரியும் விளக்கை நேருக்கு நேர் பார்த்தபடி அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

சந்தோஷத்தில் கத்தப்போனாள். அதற்குள் அவன் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் விளக்கைத் தேடினான். பச்சையும் ஊதாவும், பல்பில் இருந்த எழுத்தும், வழிந்த பெயிண்டும் அவளுக்கு இப்போதுதான் புரிந்தன.

வண்டி இன்று தேறிவிடும். அதை யார் ஓட்டுவது?

அவள் வந்து நிற்பது அவனுக்குத் தெரிந்தது. துடைத்த கை நின்றது. எதிர்க்கடையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவள் பக்கம் திரும்பாமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தையக்காரர் காதுல விழாம சொல்லு... எரியுதா?"