சித்திக்குத் தெரிந்த பிறகு

மகளின் ஸ்கூல் பையில் வேப்பை, அந்த எலக்ட்ரானிக் சிகரெட்டை, பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வரவில்லை. ‘இது என் தங்கச்சிக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்’ என்ற எரிச்சல்தான் வந்தது.

கணக்கு நோட்டுக்கு அடியில் கிடந்தது. மார்க்கர் பேனா அளவு, ஊதா நிறம், மூக்கருகே கொண்டுபோனால் தர்பூசணி வாசனை. நான் ஆஸ்பத்திரியில் நுரையீரல் டெஸ்ட் எடுப்பவள். பதினேழு வருஷமாக, வருகிறவர்கள் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, “ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று கத்துவதுதான் பிழைப்பு. ஊரார் மூச்சையெல்லாம் அளந்தேன். என் பெண் என்னிடம் மட்டும் மூச்சே விடவில்லை.

தங்கச்சி பார்லர் வைத்திருக்கிறாள். பதினைந்து வருஷம் சிகரெட் பிடித்தவள், இரண்டு வருஷமாக வேப்புக்கு மாறியிருந்தாள். மகளுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமை ஆனால் சித்தி பார்லரே கதி. அங்கே வாய் ஓயாது. வீட்டில் நான் கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்தேன். உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. அது என்ன சிரிப்பு என்று கேட்கவும் கௌரவம் விடவில்லை.

வேப்பைக் கண்டெடுத்த அன்றைக்கு மத்தியானமே பார்லருக்குப் போனேன். மகள் டியூஷன் போயிருந்தாள். தங்கச்சி ஒரு அம்மாவுக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

“இது உன்னுதா?”

“என்னுது கறுப்பு. இது அவளுது.”

“அப்போ உனக்குத் தெரியும்.”

“நாலு மாசமா.”

“நீதான் வாங்கிக் கொடுத்தியா?”

“அக்கா! ஸ்கூல்ல எத்தனை பேர் கையில இருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒரு சிநேகிதி கொடுத்திருக்கா. ‘அம்மா மெஷின்ல ஊதினா தெரிஞ்சிடுமா சித்தி’ன்னு என்கிட்ட வந்து அழுதா.”

“ஏன், என்கிட்ட அழக்கூடாதா?”

தலைச்சாய அம்மா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். “சிகரெட்டுக்கு இது தேவலைன்னு சொல்றாங்களேம்மா?”

தங்கச்சிக்குத் தெம்பு வந்துவிட்டது. “கேட்டியா? எனக்கு இருமல் நின்னதே இதாலதான்.”

“நீ சிகரெட்டுலேர்ந்து தப்பிச்சு வந்தவ, உனக்குத் தேவலையா இருக்கலாம். அவ எதுலேர்ந்து தப்பிக்கிறா? ஒரு சிகரெட்கூட தொடாதவ. இந்த வயசுல நிகோடின் உள்ள போனா லேசுல விடாது.”

“ஆரம்பிச்சிட்டியா உன் ஆஸ்பத்திரிப் பாடத்தை! இதனாலதான் அவ உன்கிட்ட வர்றதில்ல.”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது சரியாகவே இருக்கட்டும், அவளிடம்தானே பெண் போகிறாள்.

திங்கட்கிழமை, கடைசி நோயாளி போனதும், மகளை டெஸ்ட் அறைக்கு வரச்சொன்னேன். சித்தி வந்தால்தான் வருவேன் என்றாள். இருவரும் வந்தார்கள். மகள் ஊதினாள். திரையில் எல்லாம் சரியாக இருந்தது.

“பாத்தியா?” என்றாள் தங்கச்சி.

“இப்போ நார்மலா இருந்தா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்ல. பின்னாடி என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியாததை வச்சு ஏன் பயமுறுத்தறே?”

மகள் மூக்கிலிருந்து கிளிப்பைப் பிடுங்கினாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? ரெண்டாவது பீரியட் முடியறதுக்குள்ள எனக்குக் கை பரபரங்குது. பாத்ரூமுக்கு ஓடறேன். பரீட்சையில பாதியில எழுந்து போனேன். இருமல் இல்ல, மூச்சு வாங்கல. ஆனா விட முடியல.”

அத்தனையும் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகுதான்.

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “பரீட்சை விஷயத்தை என்கிட்டகூட சொல்லலியேடி. குறைச்சுக்கோன்னு சொன்னேன், விடுன்னு சொல்லல. நானே பிடிச்சிக்கிட்டு எந்த வாயால சொல்றது?” என்று கண்ணைத் துடைத்தாள்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவளிடமும் ஒன்று மறைத்திருக்கிறாள் என்றதும், என் பெண் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மூன்றாவது மாடியில் இந்தப் பழக்கத்தை விட உதவுகிற டாக்டரிடம் நேரம் வாங்கினேன். நர்ஸ், “கூட ஒருத்தர்தான் வரலாம்” என்றாள். மகள் தரையைப் பார்த்தபடி, “சித்தி” என்றாள். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், நான் வாங்கிக் கொடுத்த டோக்கனுக்கு, நான் வெளியே பெஞ்சில். தெரிந்தவர்கள் எல்லாம் போகிற போக்கில், “என்ன, யாருக்கு?” என்று வேறு கேட்டார்கள்.

வெளியே வந்த தங்கச்சி, “அக்கா, வேப்பை விடறதுக்கு எனக்கும் சேர்த்து நாள் குறிச்சிட்டாரு” என்றாள்.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. இருவரும் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள். என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் மகள் சமையலறைக்கு வந்து நின்றாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். “அம்மா, நேத்து ஒருதடவை இழுத்துட்டேன்” என்றாள். தானாக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நான் திட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. “பரவால்ல, இன்னைக்கு விட்டா போதும்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“சித்திகிட்ட சொல்லிட்டியா?”

“ம்... அப்பவே.”

கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவினேன்.